வரைபடத்தில் இல்லாத வாய்க்கால்

"தோட்டம் போடுவதற்கும் அனுமதி வாங்கவேண்டுமா?" என்று நான் கேட்டபோது பொறியாளர் சிரித்தார். "செடி வைக்கிறதுக்கு யாரு சார் பர்மிஷன் கேக்கப்போறா? சுவர் எழுப்பினாத்தான் கேள்வி" என்றார். மேசைமேல் விரிந்திருந்த வரைபடத்தில் வீடு மட்டும் கோடுகளாக நின்றது. சுற்றிலும் வெள்ளை. அந்த வெள்ளைக்குச் 'செட்பேக்' என்று பெயர். என் தோட்டம் அதில்தான் அமையவேண்டும்.

அவர் சொன்னது தவறன்று. நடுவணரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகளும், நிரந்தரக் கட்டுமானம் இல்லாத தோட்டவேலைக்கு அனுமதி வேண்டியதில்லை என்றே கூறுகின்றன. நம் மாநிலத்தின் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதை அளந்து சொல்கின்றன. 2003 முதல் மழைநீர் சேகரிப்பும் கட்டாயம். கூரையில் விழும் நீருக்கு விதி உண்டு. ஆனால் மேட்டிலிருந்து நடந்துவரும் நீரைப் பற்றி அன்று என்னிடம் யாரும் கேட்கவில்லை; நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் மனை ஒத்தக்கடைக்கு அப்பால், யானைமலை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருக்கிறது. பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. அனுமதியின்றிப் பிரிக்கப்பட்ட மனைகளுள் அதுவும் ஒன்று. 2016 அக்டோபர் 20ஆம் நாளுக்கு முன் பதிவானவற்றை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தபோது, நானும் கட்டணம் செலுத்தி ஆணை பெற்றேன். வகுப்பில் மருதத்திணையின் முதல், கரு, உரிப்பொருள்களை விளக்குபவன், ஒரு மருதநிலம் மனையாவதற்கு வரிசையில் நின்று கையெழுத்திட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

மதுரைக்கு இது புதிதன்று. 1840களில் ஆட்சியர் பிளாக்பர்ன் கோட்டைச்சுவரை இடித்து அகழியைத் தூர்க்க முனைந்தபோது, தூர்த்துச் சமன்செய்தவர்களுக்கே அந்நிலம் என்றார். வெளிவீதிகள் அவ்வாறு பிறந்தவை. மேடாக்கினால் உரிமை என்னும் பாடத்தை இவ்வூர் அன்றே கற்றுக்கொண்டது போலும். தல்லாகுளத்தில் குளமும் உலகனேரியில் ஏரியும் இன்று பெயரளவில் நம்மோடு இருக்கின்றன. உயர்நீதிமன்றக் கிளை 2004இல் திறக்கப்பட்டதும் அந்த உலகனேரியில்தான்.

என் மனையின் கீழ்ப்புறம் இரண்டடி அகலத்தில் ஒரு வயல்வாய்க்கால் இருந்தது. புறம்போக்காகப் புல வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தால் தொட்டிருக்க முடியாது. இதுவோ பட்டா நிலத்துக்குள் உழவர்கள் தமக்குள் பேசி வெட்டிக்கொண்டது. காகிதத்தில் அது இல்லை. டிப்பரில் கிராவல் கொண்டுவந்து மூன்றடி உயர்த்தி, சுவர் எழுப்பி, கொரியன் புல் பதித்தேன். அந்த நிலத்தை முன்பு குத்தகைக்கு உழுத பெரியவர் ஒருநாள் வந்து நின்று பார்த்தார். "வாத்தியாரய்யா, தண்ணி இனிமே எங்கிட்டுப் போகும்?" என்றார். வயலே இல்லாதபோது தண்ணீர் ஏன் வரப்போகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

புதுமனை புகுந்த ஆண்டின் ஐப்பசியில் விடிய விடிய மழை. காலையில் என் புல்வெளி பளிச்சென்று இருந்தது. அடுத்த மனையில், தரையோடு தரையாக ஓட்டுவீட்டில் பூக்கட்டி விற்கும் அம்மாள் ஒருவர் குடியிருக்கிறார். அவர் வீட்டுக்குள் முழங்காலளவு நீர். நார்ப்பந்தும் அரிசிப்பானையும் கட்டிலின்மேல் இருந்தன. வழிமறிக்கப்பட்ட நீர் என் சுவரோரமாகத் திரும்பி அங்கே இறங்கியிருந்தது. என்னைக் கண்டதும் அவர் கேட்டார்: "சார், உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சா?"

அந்தக் கேள்வியில் ஏளனம் சிறிதுமில்லை. அதனாலேயே இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அந்த வாரம் நான் நடத்தவேண்டியிருந்த பாடம் புறநானூற்றின் 18ஆம் பாடல். பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் நீர்நிலை பெருக்கும்படி கூறிய அறிவுரை. பதினைந்தாண்டுகளாகத் தடையின்றி நடத்திய பாடம், அன்று தொண்டையில் நின்றது.

தை பிறந்ததும் சுவரின் அடியில் இரண்டிடங்களில் திறப்பு வைத்து, புல்லைப் பெயர்த்து, பெரியவர் கைகாட்டிய தடத்திலேயே வாய்க்காலை மீட்டு வெட்டினோம். புல்லுக்குச் செலவழித்ததைவிட அதைப் பெயர்க்கச் செலவு அதிகம். கரையில் இப்போது கல்வாழையும், அந்த அம்மாள் கொடுத்த மல்லிகைப் பதியனும் நிற்கின்றன. அடுத்த ஐப்பசியில் நீர் தன் வழியே போயிற்று.

2024 முதல், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர், சுயசான்றளித்து இணையவழியில் உடனடியாக அனுமதி பெறலாம். அலைந்து திரிந்தவன் என்ற முறையில் இதை வரவேற்கிறேன். சுயசான்று என்னும் சொல்தான் சற்று அச்சமூட்டுகிறது. என் மனைக்கு நான் அளித்திருக்கக்கூடிய சான்று எத்தகையது என்பதை நான் அறிவேன்.

நேற்று மாலை, வாய்க்கால் எங்கள் மனைக்குள் நுழையும் இடத்துக்கு மேலேயுள்ள காலிமனையில் டிப்பர் ஒன்று கிராவல் கொட்டிச் சென்றது. உரிமையாளர் இளைஞர், தோட்டம் போடப்போவதாகச் சொன்னார். நாளை அவரிடம் பேசவேண்டும். எந்த விதியைக் காட்டிப் பேசுவது என்றுதான் தெரியவில்லை.