ஆசிரியர் தகுதித் தேர்வும் ஆறாம் வகுப்புச் சிறுமியும்



நாங்கள் மூவர். இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர் ஒன்றில் ஒரே தெருவில் வளர்ந்தோம். ஒரே கல்லூரியில் பி.எட். பயின்றோம். எங்கள் தெருவில் பட்டம் பெற்ற பெண்களுக்குக் குறைவில்லை. பட்டத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குச் சென்றவர்கள்தாம் அரிது. "தகுதித் தேர்வை ஒரு முறை எழுதிப் பாருங்கள், பிறகு பார்ப்போம்" என்று வீட்டார் சொன்னார்கள். அந்த "ஒரு முறை" என்ற சொல்லை நாங்கள் மூவரும் நன்றாகவே கேட்டுக்கொண்டோம்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து, ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு ஆசிரியராக வருவோர் இத்தேர்வில் தேற வேண்டும் என 2010இல் விதிக்கப்பட்டது. தமிழகத்தில் முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தபோது நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. நாங்கள் எழுத வேண்டியிருந்தது ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்கான இரண்டாம் தாள். மொத்தம் 150 வினாக்கள். குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, சமூக அறிவியல் 60. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் உள்ளிட்ட இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு அப்போது தேர்ச்சி மதிப்பெண் 82 ஆக இருந்தது. இந்த 82 என்ற எண்ணை எங்கள் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் பெரிதாக எழுதி வைத்தோம்.

சுபுஹுத் தொழுகை முடிந்ததும் எங்களுள் இளையவரின் வீட்டு மாடியில் கூடுவோம். அவருடைய உம்மா தேநீரை வைத்துவிட்டுச் சத்தமின்றி இறங்கிவிடுவார். பியாஜேயின் நான்கு படிநிலைகளை முதலெழுத்துகளைக் கோத்து மனத்தில் இருத்தினோம். தார்ன்டைக், ஸ்கின்னர், கோல்பர்க் என்று பெயரைச் சொன்னவுடன் கோட்பாட்டைச் சொல்லும் வேகம் எங்களுக்கு வந்திருந்தது. அதையே படிப்பு என்று எண்ணியிருந்தோம்.

அந்தக் காலத்திலேயே 16 வாரக் கற்பித்தல் பயிற்சியும் வந்தது. அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறாம் வகுப்பு எங்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே ஒரு சிறுமி இருந்தாள். தமிழ்ப் பாடத்தை வாசிக்கச் சொன்னால் மணிமணியாகச் சொல்வாள். சரியான இடத்தில் பக்கத்தையும் திருப்புவாள். ஒரு நாள் அவள் "வாசித்துக்கொண்டிருந்தபோது" புத்தகம் வேறு பாடத்தில் திறந்திருந்ததை எங்களுள் ஒருவர் கண்டார்.

சிறு வயதில் குர்ஆன் மதரஸாவில், மனப்பாடமாக ஓதிக்கொண்டே போகும் பிள்ளையை எங்கள் உஸ்தாத் இடைமறிப்பார், வரியின் நடுவே ஓர் எழுத்தின்மீது குச்சியை வைத்து, "இது என்ன?" என்பார். அந்த நினைவில் நாங்களும் பாடத்தின் நடுவே ஒரு சொல்லின்மீது விரலை வைத்தோம். சிறுமி எங்கள் முகத்தைப் பார்த்தாள்; பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. எழுத்துகள் சொற்களாகக் கூடிவர வேண்டிய வயதில் அவள் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். பிறகு வகுப்புகள் உயர்ந்தன. அவள் வாசிப்பு உயரவில்லை. அண்டைப் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே அனைத்தையும் மனத்தில் பதித்து வைத்திருந்தாள்.

மறுநாள் விடியலில் மாடியில் அமர்ந்தபோது எங்களால் முன்போல் படிக்க முடியவில்லை. குழந்தை தனியே செய்யக்கூடியதற்கும் பிறர் துணையோடு செய்யக்கூடியதற்கும் இடையில் ஒரு வெளி உண்டு, ஆசிரியரின் வேலை அந்த வெளியில்தான் என்று வைகாட்ஸ்கி சொன்னதை நாங்கள் நூறு முறை ஒப்பித்திருக்கிறோம். ஆனால் அந்தச் சிறுமிக்கு எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. எங்கள் வரியின் நடுவிலும் யாரோ விரலை வைத்துவிட்டார்கள்.

எங்கள் வழிகாட்டி ஆசிரியை இருபது ஆண்டு அனுபவம் உடையவர். அவரிடம் சொன்னோம். "சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் கொடுங்கம்மா. அவளுக்குத் தெரிந்த சொல்லிலிருந்து ஆரம்பியுங்கள். அவள் பெயர், அவள் அம்மா பெயர்" என்றார்.

மூவரும் முறை வைத்துக்கொண்டோம். தேர்வு நெருங்க நெருங்க எங்களுள் இருவர் அந்த அரை மணியைத் தளர்த்திக்கொண்டோம் என்பதை மறைப்பதற்கில்லை. இளையவர் ஒரு நாளும் விடவில்லை. பள்ளி முடிந்த பின்னும் சில மாலைகளில் அச்சிறுமியோடு அமர்ந்திருந்தார். பயிற்சியின் இறுதி வாரத்தில் அவள் தான் இதுவரை பார்த்திராத பத்தி ஒன்றைத் தடுமாறித் தடுமாறி வாசித்து முடித்தாள்.

2023 பிப்ரவரியில் கணினி வழியே தேர்வு நடந்தது. எங்களுள் இருவர் தேறினோம். இளையவருக்கு ஒரு மதிப்பெண் குறைந்தது.

ஆறுதல் சொல்லச் சென்ற எங்களுக்கு அவருடைய உம்மாவின் முகத்தைப் பார்க்கக் கூசியது. கொடுக்காமல் விட்ட எங்கள் அரை மணிகள்தாம் எங்களைத் தேற்றினவோ என்ற எண்ணம் இன்றுவரை எங்களை விட்டு அகலவில்லை. நன்மை செய்தவருக்கு உடனே நற்பலன் வந்துவிடும் என்று எழுதினால் படிக்க இனிமையாக இருக்கும். ஆனால் அவருக்கு வந்தது காத்திருப்பு. அடுத்த தகுதித் தேர்வு 2025 நவம்பரில்தான் நடந்தது.

தேறிய எங்களுக்கும் வாசல் திறந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டு அரசாணையின்படி அரசுப் பள்ளி நியமனத்துக்கு மற்றொரு போட்டித் தேர்வு உண்டு. எங்களுள் ஒருவர் தனியார் பள்ளியில் பணிபுரிகிறார். மற்றவர் குழந்தை பெற்று வீட்டில் இருக்கிறார். சான்றிதழ் ஆயுள் முழுதும் செல்லும் என்பது மட்டும் ஒரு நிம்மதி.

2025 செப்டம்பர் முதல் நாள் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் உள்ள பணியிலிருக்கும் ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்றது. சில நாள்களில் எங்கள் வழிகாட்டி ஆசிரியை இளையவரைக் கைபேசியில் அழைத்தார். "உன் குறிப்பேடு இருக்காம்மா? எனக்கும் எழுதணும். புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறது வேற, இது வேற. பயமா இருக்கு."

அதே மாடியில் மீண்டும் கூடினோம். இம்முறை ஆசிரியை மாணவியாக அமர்ந்தார். ஒரு மதிப்பெண்ணில் தவறியவர் கற்பித்தார். வைகாட்ஸ்கி வந்தபோது அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு, "டீச்சர், அந்தச் சிறுமி நினைவிருக்கிறதா?" என்றுதான் தொடங்கினார். ஆசிரியை சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கோட்பாட்டை யாரும் ஒப்பிக்கத் தேவைப்படவில்லை.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததையே ஈட்டாகக் கொண்டு விடுவிக்கப்பட்டார்கள் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அங்கே அளவுகோல் பிள்ளைகள் கற்றார்களா என்பதே. தேர்வு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவரவில்லை. தகுதியற்றவர் கையில் பிள்ளைகளை ஒப்படைப்பது அமானிதத்துக்கு மாறு. ஆனால் 82 என்ற எண் ஒரு வாசலின் உயரத்தை மட்டுமே சொன்னது. உள்ளே நுழைந்து என்ன செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லவில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகளோ மருமகளோ இத்தேர்வுக்குப் படித்தால், "ஒரு முறை" என்று கணக்கு வைக்காதீர்கள். இளையவரின் உம்மா அப்படி வைக்கவில்லை. முடிவு வந்த அன்று அவர் மகளிடம் கேட்டது ஒன்றுதான்: "அந்தப் புள்ள இப்ப நல்லா வாசிக்கிறாளா?"

இளையவரும் ஆசிரியையும் 2025 நவம்பர் 16 அன்று தேர்வு எழுதினார்கள். இருவருக்காகவும் துஆச் செய்யுங்கள்.