மூடியும் மூடாத கோப்புகள்

கலும்பாங் வட்டாரத் தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு பிறந்த பிள்ளைகள் பலர் இன்று கோலாலம்பூரில் கணினி வேலை பார்க்கிறார்கள். லீவுக்கு வரும்போது வேலை இடத்துக் கவலைகளையும் சொல்வார்கள். "எல்லார் முன்னாலயும் என் வேலையக் குறை சொல்லிட்டாங்க தாத்தா" என்று மனம் உடைந்து வரும் பிள்ளைக்கு நான் தீபங்கர் சர்மாவின் கதையைச் சொல்வேன்.

அவர் ஐபிஎம்மின் இந்தியக் கிளையில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்காக உழைத்தவர். ஒரு நிரல் கோப்பைத் திறந்தால் கெர்னல் அதற்கு ஓர் எண் கொடுக்கும். அதுதான் ஃபைல் டிஸ்கிரிப்டர். 0, 1, 2 மூன்றும் முன்பே ஒதுக்கப்பட்டவை என்பதால் முதலில் திறக்கும் கோப்புக்குப் பெரும்பாலும் 3 கிடைக்கும். ஒரே நிரலின் பல இழைகள் அந்த எண் பட்டியலைப் பங்கிட்டால், ஒவ்வொரு தேடலுக்கும் பூட்டுப் போட்டாக வேண்டும். வேகம் குறையும். பூட்டே இல்லாமல் தேடும் வழியை அவர் 2005இல் எழுதினார், 2.6.14 பதிப்புக்காக அது சேர்க்கப்பட்டது.

பூட்டு இல்லாததால் ஒரு சங்கடம். கோப்பை மூடும் நேரத்தில் வேறொரு பிராசசர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எனவே எல்லாரும் கையெடுத்த பிறகுதான் அதன் நினைவகத்தை விடுவிக்க முடியும். அதுவரை அது வரிசையில் நிற்கும். மற்ற வேலைகள் தடைபடக் கூடாதென்று, ஒரு தடவைக்குப் பத்து மட்டுமே விடுவிக்கும்படி அவரே முன்பு ஒரு வரம்பு வைத்திருந்தார்.

பால் வெட்டியவர்களுக்கு இது உடனே புரியும். ஸ்டோரில் பால் நிறுப்பது மெதுவானால், வெட்டு முடிந்தும் வாளி காலியாகாது.

வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பில் அதுதான் நடந்தது. கோப்பைத் திறப்பதும் மூடுவதுமாகச் சுற்றிய ஒரு சிறு நிரல் வரிசையை நிரப்பிவிட்டது. மூடிய கோப்புகளையும் திறந்தவையாகவே கெர்னல் எண்ணிக்கொண்டிருந்தது. எத்தனை கோப்புகள் திறந்திருக்கலாம் என்ற 'ஃபைல்-மேக்ஸ்' வரம்பு எட்டிவிட்டதென்று செய்தி வந்தது. அதற்குமேல் ஒரு கோப்பும் திறக்கவில்லை. கோளாறு தெரிந்தது கோப்பில், காரணம் இருந்தது விடுவிக்கும் வரிசையில்.

அதே ஆண்டு அக்டோபரில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பத்தைப் பத்தாயிரமாக்கினார். தீபங்கரின் அணுகுமுறை சரிப்பட்டு வராது என்று, அவர் பெயரைச் சொல்லியே மாற்றக் குறிப்பில் எழுதினார். உலகத்தில் யாரும் படிக்கலாம். இன்றும் அழியாமல் இருக்கிறது.

இந்த இடத்தில்தான் பிள்ளைகளை நிறுத்திக் கேட்பேன்: "நீயா இருந்தா என்ன செய்வே?" ஒதுங்கிப் போகலாம். லினஸ் திருத்திவிட்டாரே என்று கையைக் கழுவலாம். மானமுள்ளவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நானோ, மானம் உள்ளவன்தான் திரும்பி வர வேண்டும் என்பேன். ஏனென்றால் பத்தாயிரம் என்பது அவசரத்துக்குப் போட்ட கட்டு. விடுவிப்பதை மொத்தமாகச் செய்தால், தீபங்கர் முதலில் அஞ்சிய தாமதம் திரும்பவும் தலைகாட்டும். அவர் கவலையும் நியாயமானது, லினஸ் சொன்னதும் நியாயமானது.

தீபங்கர் ஒதுங்கிப் போகவில்லை. 2006 மார்ச்சில் 2.6.16 பதிப்பில் அவருடைய இரண்டு திருத்தங்கள் சேர்ந்தன. ஒன்று, கோப்பை விடுவிக்க வரிசையில் போடும்போதே அதைக் கணக்கிலிருந்து கழித்தது. மற்றது, அவருடைய பழைய பத்தைத் திரும்பக் கொண்டுவந்தது; ஆனால் வரிசை பத்தாயிரத்தைத் தாண்டினால் அந்த வரம்பு தானாகவே விலகிக்கொள்ளும்.