வாடகைக் கப்பல்

ஒரு சிறுபத்திரிகை வாசகன் இல்லாததால் சாவதில்லை. வாசகர் கூட்டம் அதற்கு என்றுமே இருந்ததில்லை. காகிதக் காலத்தில் அச்சுக்கூலி பாக்கியால் செத்தது. இப்போது ஆண்டுக் கட்டணம் கட்டப்படாத டொமைன் பெயரால் சாகிறது. ஒரு வித்தியாசம் உண்டு. அச்சில் நின்றுபோன பத்திரிகையின் பழைய இதழ் எவர் வீட்டுப் பரணிலாவது கிடக்கும். இணையத்தில் நின்றுபோனதற்குப் பரண் கிடையாது.

சில ஆண்டுகளாக இந்த வித்தியாசத்தோடுதான் என் பிழைப்பு. ஓட்டப்பிடாரத்தில் உட்கார்ந்துகொண்டு, நின்றுபோன இதழ்களும் மறைந்துபோன கவிஞர்களின் தொகுப்புகளுமாக முப்பது சொச்சம் தளங்களை உயிரோடு வைத்திருக்கிறேன். யாரும் நியமித்த வேலை அல்ல. அவற்றில் ஒன்றுகூட ஓட்டப்பிடாரத்தில் இல்லை. நான் போயிராத நகரத்தில், பார்க்கப்போகாத ஒரு கட்டிடத்தில், மாத வாடகைக்கு எடுத்த சர்வரில் இருக்கின்றன.

ஹோஸ்டிங் கம்பெனி என்ற இந்த வீட்டுக்காரரோடு பேச இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவர் தரும் கட்டுப்பாட்டுப் பலகையைத் திரையில் திறந்து ஒவ்வொரு பொத்தானாக அமுக்குவது. ஒரு தளத்துக்கு இது போதும். முப்பது தளங்களுக்கு முப்பது முறை அதே கதவைத் தட்ட வேண்டும். இரண்டாவது வழி ஏ.பி.ஐ. இங்கே பொத்தானுக்குப் பதில் வாக்கியம். டோக்கன் என்கிற நீண்ட எழுத்துச் சரத்தை அடையாளமாகக் காட்டி, 'என் தளங்களின் பட்டியலைக் கொடு', 'புதிதாக ஒன்றை உண்டாக்கு', 'இந்தப் பெயரை இந்த முகவரிக்குத் திருப்பு', 'இதை அழி' என்று நிரலின் மூலம் சொல்லலாம். கெட், போஸ்ட், புட், டெலீட் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய வினைச்சொற்கள்தான் மொத்த மொழியும். ஒருமுறை எழுதிவைத்த நிரல் ராத்திரி இரண்டு மணிக்குத் தானே எழுந்து, எல்லாத் தளங்களையும் சுற்றி வந்து, நகல் எடுத்து, காலாவதியாக இருப்பதைப் புதுப்பித்துவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

இதைச் சோம்பேறிக்கு வாய்த்த வசதி என்று நினைக்கிற நண்பர்கள் எனக்குண்டு. வசதி என்கிற கட்டம் கடந்துவிட்டது. ஒரு தளத்தை வாசகனின் பிரவுசர் நம்ப வேண்டுமானால் பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும். 2015இல் லெட்ஸ் என்கிரிப்ட் அதை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது ஆயுள் 90 நாள். சான்றிதழ் வழங்குவோரும் பிரவுசர் கம்பெனிகளும் கூடி 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, 2029 மார்ச் 15 முதல் இத்தகைய சான்றிதழ் எதற்கும் அதிகபட்ச ஆயுள் 47 நாள்தான். கையால் புதுப்பிக்கிறவனை இணையம் மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. யந்திரத்தோடு யந்திரம் பேசட்டும் என்பது இப்போது ஒரு நிபந்தனை.

யந்திரம் எண்களில் பதில் சொல்கிறது. 200 என்றால் ஆயிற்று. 401 என்றால் நீ யார் என்று தெரியவில்லை. 429 என்றால் அதிகம் கேட்கிறாய், பொறு. எனக்கு மிகவும் பிடித்தது 202. உன் கோரிக்கையை ஏற்றுக்கொண்டேன், செய்து முடித்துவிட்டதாக எண்ணிக்கொள்ளாதே என்று அதற்குப் பொருள். தாலுகா அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு வந்த எவருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே நிரல் திரும்பத் திரும்பப் போய், முடிந்ததா, முடிந்ததா என்று விசாரிக்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இந்த மொழியில் இல்லாத ஒன்று தராதரம். ஒரே ஒரு தொகுப்போடு இறந்துபோன கவிஞரின் தளம் பட்டியலில் ஓர் எண். ஆடித் தள்ளுபடி விளம்பரமும் ஓர் எண். 'அழி' என்ற சொல் இரண்டையும் ஒரே வேகத்தில் நிறைவேற்றும். 1801இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்த பிறகு, அதை இடித்துத் தரைமட்டமாக்கியதோடு நில்லாமல் ஊர்ப் பெயரையே கணக்குகளிலிருந்து எடுக்கச் சொன்னார்கள் என்பது இந்தத் தாலுகாவில் எல்லோரும் அறிந்த விஷயம். அதற்கு ஒரு கம்பெனியும் பட்டாளமும் வேண்டியிருந்தது. இன்று ஒரு வரி போதும், பகைமைகூட வேண்டாம். 2017 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் அமேசானின் சேமிப்புச் சேவையில், சில சர்வர்களை மட்டும் எடுக்க வேண்டிய ஒருவர் கட்டளையைத் தப்பாக அடித்துவிட்டார். எண்ணியதைவிட அதிகமான சர்வர்கள் போய்விட்டன. ஏறத்தாழ நான்கு மணி நேரம் எண்ணற்ற தளங்கள் ஸ்தம்பித்தன.

அதனால் நான் டோக்கன் இரண்டு வைத்திருக்கிறேன். ராத்திரி ஓடும் நிரலின் கையில் இருப்பதற்குப் படிக்கவும் புதுப்பிக்கவும் மட்டுமே அதிகாரம். அழிக்கும் அதிகாரமுள்ள டோக்கன் நிரலுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. அதை எடுத்தால், அழிக்கப்போகும் தளத்தின் பெயரை முழுவதுமாக என் கையால் அடித்தாக வேண்டும். அழிவு கொஞ்சம் சிரமமாக இருப்பது நல்லது.

ஆனால் உண்மையான ஆபத்து இதுவுமல்ல. நான் முன்பு இருந்த ஒரு ஹோஸ்டிங் கம்பெனி, பழைய ஏ.பி.ஐ.யை முப்பது நாளில் மூடுகிறோம், புதியதற்கு மாறுங்கள் என்று ஒரு கடிதம் அனுப்பியது. வாடகையும் ஏறியது. புதிய மொழியில் சொற்கள் வேறு, வரிசை வேறு. என் நிரல் ஒரே நாளில் ஊமையாகும் என்றாயிற்று. கேள்வி கேட்க முகவரி கிடையாது. ஏ.பி.ஐ. என்பது ஒப்பந்தம் என்று பாடப்புத்தகங்கள் சொல்லும். ஒருதலைப்பட்சமாகத் திருத்தப்படக்கூடிய ஒப்பந்தத்துக்கு எங்கள் கரிசல் காட்டில் வேறு பெயர்கள் உண்டு.

ஓட்டப்பிடாரத்தில் 1872இல் பிறந்த ஒருவருக்கும் இது நேர்ந்தது. வ.உ.சி. 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் 10 லட்சம். 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். தொடக்கத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் கிடையாது, வாடகைக் கப்பல்தான். பிரிட்டிஷ் கம்பெனி நெருக்கியதும் வாடகைக்குக் கொடுத்தவர் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வ.உ.சி. இலங்கையிலிருந்து வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து ஓட்டத்தை நிற்கவிடாமல் பார்த்துக்கொண்டார். பிறகு 1907இல் காலியாவும் லாவோவும் சொந்தமாகவே வந்தன. நாம் மேடையில் கொண்டாடுவது இந்தச் சொந்தக் கப்பல்களை. 1908 மார்ச்சில் அவர் கைதானார். 1911இல் கம்பெனி கலைந்தது. சொந்தமானவையும் கைவிட்டுப் போயின. இடையில் அந்த வாடகைக் கப்பல் போய் இன்னொரு வாடகைக் கப்பல் வந்ததே, அந்தச் சில நாட்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு வேண்டியிருப்பது அந்த நாட்களின் பாடம்.

சொந்த சர்வர் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளேன் என்பார்கள். இங்கே மின்சாரம் போகும், கம்பி அறும். பெரிய கட்டிடமானாலும் நெருப்பு நெருப்புதான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓ.வி.ஹெச். கம்பெனியின் சர்வர் கட்டிடம் ஒன்று எரிந்து முடிந்தது. நகல்களும் அதே கட்டிடத்தில் இருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். 97,000 நூல்களோடு 1981இல் யாழ்ப்பாணத்தில் எரிக்கப்பட்ட நூலகத்தை அறிந்த நமக்கு, ஒரே இடத்தில் வைப்பது என்றால் என்னவென்று புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கே மானாவாரி விவசாயி நிலத்தைக் குத்தகைக்கு எடுப்பான், மாட்டையும் இரவல் வாங்குவான். விதையை மட்டும் தன் வீட்டுக் குலுக்கையில் வைத்திருப்பான். நான் நிரலை அப்படித்தான் திருத்தி எழுதினேன். அது இப்போது இரண்டு பாகம். மேல்பாகம் என் சொற்களில் இருக்கிறது: இன்ன இதழ், இன்ன பெயர், இன்ன கோப்புகள், இதை எழுப்பு. கீழ்ப்பாகம் அதை அந்தந்தக் கம்பெனியின் ஏ.பி.ஐ.க்கு மொழிபெயர்க்கிறது. வீடு மாறினால் கீழ்ப்பாகத்தை மட்டும் மாற்றினால் போதும். டொமைன் பெயர்களை சர்வர் கொடுக்கிற கம்பெனியிடம் வைப்பதில்லை. படைப்புகள் எல்லாம் எந்த யந்திரத்திலும் திறக்கும் வெறும் யூனிகோடு எழுத்துக் கோப்புகள். ஆண்டுக்கு ஒருமுறை, அறிமுகமே இல்லாத கம்பெனியில் ஒரு வெற்று சர்வரை எடுத்து, மூன்று தளங்களை எழுப்பிப் படித்துப் பார்த்துவிட்டுக் கலைத்துவிடுகிறேன். முளைக்கிறதா என்று பார்க்காத விதையை விதை என்று சொல்வதற்கில்லை.

ஏ.பி.ஐ.யின் பயன் என்ன என்று கேட்டால், வேகம் என்று சொல்ல மாட்டேன். வெளியேறும் சுதந்திரம் என்பேன். பொத்தான் அமுக்கிக் கட்டிய தளத்தை, எதை எப்போது அமுக்கினோம் என்ற ஞாபகத்தோடு அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். வாக்கியமாக எழுதிக் கட்டியதை வாக்கியத்தோடு எடுத்துக்கொண்டு போகலாம். 2009 அக்டோபர் 26 அன்று யாஹூ தன் ஜியோசிட்டீஸை மூடியபோது, பதினைந்து ஆண்டுகளில் ஜனங்கள் கட்டிய பக்கங்கள் தெருவுக்கு வந்தன. வெளியார் சிலர் ஓடி ஓடி அள்ளியதால் ஒரு பகுதி தப்பியது.

தமிழ் இலக்கியச் சூழலுக்கு இதெல்லாம் எட்டியதாகத் தெரியவில்லை. இணையதளத் திறப்பு விழாவுக்கு நாம் குத்துவிளக்கு ஏற்றுகிறோம். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் யார் பொறுப்பு என்று மேடையில் யாரும் கேட்பதில்லை. காலாவதியான பெயரை எவனோ வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுகிறான். 2005இல் தொடங்கி ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் திட்டம் போன்றவை நம்மிடையே விதிவிலக்குகள். அங்கே வேலை ஒரு தனிமனிதனின் ஆர்வத்தோடு முடிந்துவிடுவதில்லை.

என்னுடைய ஏற்பாட்டின் ஓட்டையும் அங்கேதான் இருக்கிறது. நிரல் நான் இல்லாமல் ஓடும், ஆனால் என் வங்கி அட்டையின் காலாவதித் தேதி வரைதான். அதற்கு எந்த ஏ.பி.ஐ.யிலும் கட்டளை கிடையாது. ஆகவே போன தை மாதம் கோவில்பட்டியிலிருந்து வாசகர் ஒருவரை வரச்சொல்லி, கோப்புகளையும் நிரலையும் எழுதிவைத்த நோட்டையும் கொடுத்துவிட்டு, எழுப்பிப் பாருங்கள் என்று விட்டுவிட்டேன். நான் கேள்விப்பட்டிராத ஒரு கம்பெனியை அவர் தேர்ந்தெடுத்தார். நோட்டில் இரண்டு இடம் புரியவில்லை என்றார். அந்த இரண்டையும் திருத்தி எழுதினோம். சாயங்காலத்துக்குள் நாலு தளங்கள் எழுந்து நின்றன. அந்த சர்வர் அவர் பெயரில் இருக்கிறது, அதன் டோக்கன் எனக்குத் தெரியாது.