அம்பத்தூருக்கு எத்தனை அப்பா?

மக்களே, ஒரு சின்ன கேள்வி. அம்பத்தூர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? "சென்னை"ன்னு சொன்னீங்கன்னா சரி. "திருவள்ளூர்"னு சொன்னீங்கன்னா, 2018 வரைக்கும் நீங்களும் சரி. எங்க ஏரியாவில் பல வீட்டு பீரோவில் மூணு மாவட்டம் இருக்கும். 1985ல் வாங்கின மனையின் பத்திரத்தில் செங்கல்பட்டு, 2005 ரேஷன் கார்டில் திருவள்ளூர், இப்போ எடுக்கிற சான்றிதழில் சென்னை. வீடு மட்டும் ஒரு அடி கூட நகரவில்லை.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் இந்த பீரோவுக்குள்தான் ஓடிக்கிட்டு இருக்கு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிறவங்க எந்த வேலைக்கு எந்த ஆபீஸ் போகணும்னு போனில் காட்டும் ஆப். மாவட்டம், அதுக்குக் கீழே தாலுகா, அதுக்குக் கீழே கிராமம்னு படிப்படியா இறங்கும் டேட்டா. செகண்ட் இயரில் படிச்ச அதே ட்ரீ. "ட்ரீ வியூ போடு, பக்கத்துல ஐகான் வை, முடிஞ்சுது"ன்னு கேட்கிற எல்லாரும் சொல்வாங்க.

முதலில் இடம் பத்தாது. லேப்டாப்பில் ஒவ்வொரு நிலைக்கும் கொஞ்சம் உள்ளே தள்ளிக் காட்டுவோமே, அதை போனில் செய்து பாருங்கள். பல ஆண்ட்ராய்டு போன்களின் அகலம் சுமார் 360 டிபி. நிலைக்கு 24 டிபி தள்ளினால், ஐந்து நிலை இறங்குவதற்குள் 120 டிபி, அதாவது ஸ்க்ரீனில் மூணில் ஒரு பங்கு, வெறும் காலி இடம். மீதியில் "வட்டாட்சியர் அலுவலகம்" என்று எழுதணும். தமிழ்ல ஆப் பண்றவங்களுக்குத்தான் இந்தக் கஷ்டம் புரியும். போதாததுக்கு, விரல் படும் இடம் 48 டிபியாவது இருக்கணும்னு கூகுளின் மெட்டீரியல் டிசைன் சொல்லுது. விரிக்க ஒரு அம்புக்குறி, திறக்க ஒரு ஐகான்னு ரெண்டையும் ஒரே வரியில் வெச்சா, கட்டைவிரல் ரெண்டையும் சேர்த்து அமுக்கும். ஆண்ட்ராய்டின் பழைய எக்ஸ்பேண்டபிள் லிஸ்ட் வியூவே ரெண்டு நிலையோடு நின்றுவிடும்.

அதனால் நாங்க ஒரு ஸ்க்ரீனுக்கு ஒரு நிலைதான் காட்டுறோம். வந்த வழி மேலே சின்னச் சின்ன ஐகான்களா ஒரே வரியில் நிற்கும். எதைத் தொட்டாலும் அந்த இடத்துக்குத் திரும்பிடலாம்.

இதெல்லாம் சாதாரண வேலை. அம்பத்தூருக்கு ஒரு அப்பா இல்லை என்பதுதான் பெரிய தலைவலி.

2011ல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போ அது 7வது மண்டலம். தெருவிளக்கு எரியலைன்னா அங்கே. பட்டா, வருமானச் சான்றிதழுக்கு சென்னை மாவட்டத்தின் அம்பத்தூர் தாலுகா. ஆனா போலீஸ்? 2022ல் தொடங்கின ஆவடி காவல் ஆணையரகம். ஓட்டு? ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி. பக்கத்து ஆவடி 2019ல் தனி மாநகராட்சி ஆச்சு, மாவட்டம் திருவள்ளூர். பூந்தமல்லி இன்னும் நகராட்சி, அதுவும் திருவள்ளூர், போலீஸ் மட்டும் ஆவடி. டேட்டாபேஸில் 'பேரன்ட் ஐடி'ன்னு ஒரே ஒரு காலம் வெச்சா, இதில் மூணு பொய்யாகிவிடும்.

இது வைவாவில் கேட்கிற கேள்வி மட்டும் இல்லை. எங்க பெரியம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்யறாங்க. சீட்டுப் பணம் போட்டு ஏமாந்தவங்களில் அவங்களும் ஒருத்தர். மனு கொடுக்க லீவு போட்டு, ட்ரெயின் பிடிச்சு சிட்டிக்குள்ள ஒரு ஆபீஸுக்குப் போனாங்க. மத்தியானம் வரை நின்ன பிறகு, "உங்க ஏரியா இங்க வராதும்மா, ஆவடி போங்க"ன்னு பதில். காலையில் எதிர்ப்பக்கம் ஏறியிருந்தா மூணாவது ஸ்டேஷன். ஒரு நாள் கூலி போச்சு. "மாநகராட்சி சென்னைன்னா போலீஸும் சென்னைதானேடா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். அவங்க மனசில் இருக்கிறது ஒரு ட்ரீ. நிஜத்தில் இருக்கிறது நாலு.

எனவே எங்க டேட்டாவில் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வகை உண்டு: வருவாய், உள்ளாட்சி, போலீஸ், ஓட்டு. ஆப் திறந்ததும் மாவட்டம் கேட்காது. "என்ன வேலை?"ன்னு கேட்டு நாலு ஐகான் காட்டும். தொட்ட பிறகுதான் உங்க தெரு எந்த ட்ரீயில் எங்கே தொங்குதுன்னு வரும்.

அந்த நாலு ஐகானுக்கு நாங்க போட்ட சண்டை இருக்கே! ஃபோல்டர் படம் வேண்டாம்னு நான் பிடிவாதமா நின்னேன். அது 1981ல் ஜெராக்ஸ் ஸ்டார் கம்ப்யூட்டரில் வந்த அமெரிக்க ஆபீஸ் அட்டை. பெரியம்மாவுக்கு ஃபைல்னா நாடா போட்டுக் கட்டின கட்டு. அரசு முத்திரைக் கோபுரம் போடலாம்னு டீமில் ஒருத்தன் சொன்னான். பெரும்பாலான அரசு ஆபீஸ் போர்டில் அதே கோபுரம்தான், அப்புறம் எதை வெச்சு வித்தியாசம் தெரியும்? படிக்கத் தெரியாதவங்களும் ஓட்டுப் போடணும்னுதான் 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே சின்னம் கொடுத்தாங்க. ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று ஞாபகம் வரக் கூடாது. சின்னத்துக்கு வேலையே அதுதான். கடைசியில் ரப்பர் ஸ்டாம்ப், தெருவிளக்கு, காக்கித் தொப்பி, மை வெச்ச விரல். நிறத்தை மட்டும் நம்பலை, கீழே தமிழில் பேரும் உண்டு.

போன வாரம் பெரியம்மா கையில் கொடுத்தோம். தொப்பியைத் தொட்டாங்க, ஆவடி வந்தது. விளக்கைத் தொட்டாங்க, சென்னை வந்தது. "அப்ப இது தப்பில்லையா?"ன்னு ரெண்டு தடவை கேட்டாங்க. அதனால் இப்போ வந்த வழியின் வரிசையில் முதல் ஐகானை மட்டும் பெரிசாக்கி இருக்கோம், எந்த ட்ரீயில் நிக்கிறோம்னு கண்ணில் படட்டும்னு.

வி.ஏ.ஓ. ஆபீஸுக்கு மட்டும் இன்னும் படம் கிடைக்கலை. ரப்பர் ஸ்டாம்ப் ஏற்கெனவே போயாச்சு. உங்க ஊர் வி.ஏ.ஓ.ன்னா முதலில் கண்ணில் வர்றது எது? சி பிளாக் லேப் பக்கம் வந்தா சொல்லிட்டுப் போங்க.