கை வைக்காதீங்க, தம்பி!

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, கோலாலம்பூரிலிருந்து சுங்கை பட்டாணிக்குப் போய்க்கொண்டிருந்தோம். ஈப்போவைத் தாண்டி மெனோரா சுரங்கப்பாதைக்கு ஏறும் மேட்டில், காரின் வெப்பமுள் சிவப்பைத் தொட்டது. பின் இருக்கையில் அம்மாவும் நான்கு வயது மகளும்.

அவசரத் தடத்தில் நிறுத்தினேன். மகள் இறங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள். ரேடியேட்டர் மூடியில் துணியைப் போட்டுத் திருகப் போனேன்.

"கை வைக்காதீங்க, தம்பி!"

பின்னால் லாரியை நிறுத்திவிட்டு ஒரு பெரியவர் ஓடி வந்தார். சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை வெந்த தழும்பைக் காட்டினார்.

"உள்ள தண்ணி அழுத்தத்துல இருக்கு. திறந்தா பொங்கி முகத்துல அடிக்கும். பிள்ளையும் பக்கத்துல நிக்குது."

அம்மாவையும் மகளையும் தடுப்புவேலிக்கு அப்பால் நிற்கச் சொன்னார். இழுவை வண்டி வரும்வரை எங்களோடு இருந்தார்.

ரேடியேட்டர் ஹோஸ் வெடித்திருந்தது. இரண்டு மாதம் முன்பே போர்மேன் மாற்றச் சொன்னதுதான். "தீபாவளி கழியட்டும்" என்றவன் நான். அந்த ஹோஸின் விலை, பலகாரச் செலவைவிடக் குறைவு.

இப்போது நெடும்பயணத்துக்கு முன், காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போதே தண்ணீரையும் ஹோஸையும் பார்த்துவிடுகிறேன். ஐந்து நிமிட வேலை. நீங்களும் பாருங்கள்.