விருந்தினராய் நின்ற வாயில்கள்

எங்கள் பகுதிக்குச் சமயப் பெருமை புதிதன்று. மீன்சுருட்டியிலிருந்து சில கல் தொலைவில், முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய கங்கைகொண்ட சோழபுரத்துப் பெருங்கோயில் பதினோராம் நூற்றாண்டு முதல் நிமிர்ந்து நிற்கிறது. யுனெஸ்கோ நிறுவனம் 2004ஆம் ஆண்டில் அதனை உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் சேர்த்தது. கொள்ளிடத்தின் வடகரையை ஒட்டி மேற்கே சென்றால், வீரமாமுனிவர் பணியாற்றிய ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவின் திருத்தலம் இருக்கிறது. அத்திருத்தலத்திற்கு நிலம் ஈந்தவர் அரியலூரை ஆண்ட மழவராயர் என்பதை நம் முன்னோர் நன்றியோடு சொல்லி வந்திருக்கின்றனர். ஆனாலும், பிற சமயத்தாரின் திருத்தலத்திற்குள் கத்தோலிக்கர் ஒருவர் எந்த மனத்தோடு நுழைய வேண்டும் என்ற கேள்விக்கு எங்களிடையே தெளிவான விடை இருந்ததில்லை.

அந்தக் கேள்வி எங்கள் அன்பியக் கூட்டமொன்றில் வெளிப்படையாகவே எழுந்தது. கல்லூரியில் பயிலும் இளையோர் சிலர், சென்னை மாநகரின் பல சமயத் திருத்தலங்களை ஒரே பயணத்தில் காண வேண்டும் என்றனர். கைப்பேசிகளில் நாள்தோறும் வந்து விழும் வெறுப்புச் செய்திகள் அவர்களைச் சலிப்படையச் செய்திருந்தன. பெரியவர்கள் தயங்கினர். எழுபதைக் கடந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, “சாமி, நாம அங்கெல்லாம் உள்ள போனா மாதா கோவிச்சுக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. எங்களில் பலர் கேட்கக் கூசிய கேள்வியை அவர் கேட்டுவிட்டார்.

பங்குத் தந்தை பொறுமையோடு விடை பகர்ந்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவம் அல்லாத சமயங்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கை, அச்சமயங்களில் உள்ள உண்மையானதும் புனிதமானதுமான எதனையும் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று கற்பிப்பதை எடுத்துரைத்தார். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 பிப்ரவரி 5 அன்று அதே சென்னையில் பிற சமயத் தலைவர்களைச் சந்தித்து உரையாற்றியதையும் நினைவூட்டினார். பிறகு, “பக்கத்து வீட்டுக்கு விருந்தா போறப்ப எப்படிப் போவீங்களோ அப்படிப் போவோம், பாட்டி. அவங்க வீட்டை நம்ம வீடுன்னும் சொல்ல வேண்டாம், அவங்க வீட்டுல குறை தேடவும் வேண்டாம்” என்றார். மூதாட்டி அமர்ந்தார். பயணத்திற்கு முதலில் பெயர் கொடுத்தவரும் அவரே.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் பயணத்திற்கு உகந்ததாய் அமைந்தது. நமது தவக்காலமும் இசுலாமியரின் ரமலான் நோன்பும் மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவும் ஒருசேர வந்த மாதம் அது. 15ஆம் நாள் வெள்ளிக்கிழமை மாலை, இருபத்திரண்டு பேர் வேனில் புறப்பட்டோம்.

முதல் திருத்தலம் நகருக்கு வெளியிலேயே எதிர்ப்பட்டது. வடலூரில் வள்ளலார் 1867ஆம் ஆண்டில் தொடங்கிய தருமசாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் எரிகிறது. பசித்து வருவோரின் சாதியையோ சமயத்தையோ அங்கு எவரும் கேட்பதில்லை. எங்களையும் கேட்கவில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒறுத்தலுக்கு ஏற்ற மரக்கறி உணவை உண்டு எழுந்தோம். “இங்க வேதமும் இருக்கு, வேதத்துக்கு ஏத்த சோறும் இருக்கு” என்றார் மூதாட்டி. எங்கள் ஊர்களில் வேதம் என்றால் நமது சமயம். அச்சொல்லை அவர் தாராளமாக நீட்டிக்கொண்டது எங்களுக்கு வியப்பாயிருந்தது.

சனிக்கிழமை காலையில் பாரிமுனைக்குச் சென்றோம். ஆர்மேனியன் தெருவைத் தமிழ் மக்கள் நெடுங்காலம் அரண்மனைக்காரன் தெரு என்றே அழைத்து வந்தனர். அங்குள்ள புனித அந்தோணியாரை அறியாத தமிழ்க் கத்தோலிக்கர் சிலரே. ஆனால் அதே தெருவில் உள்ள ஆர்மேனியர் ஆலயத்திற்குள் எங்களில் எவரும் அதற்குமுன் சென்றதில்லை. 1772இல் கட்டப்பட்ட அவ்வாலயத்தின் மணிக்கூண்டில் ஆறு மணிகள் உள்ளன. ஞாயிறுதோறும் கூடி வழிபட ஆர்மேனியக் குடும்பங்கள்தாம் இப்போது இல்லை. உலகின் முதல் ஆர்மேனிய இதழை 1794இல் இந்நகரில் அச்சிட்ட குருவானவர் ஷ்மவோனியனின் கல்லறை வளாகத்திலேயே இருக்கிறது. பரங்கிமலைக்கு நாம் ஏறும் கற்படிகளை அமைத்துக் கொடுத்தவர் பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே 1726இல் பாலம் கட்டியவரும் அவரே. அந்தச் சமூகம் ஏறத்தாழ மறைந்துவிட்டது. அது வைத்துச் சென்ற படிகளில் இன்றும் நம் மக்கள் செபமாலை சொல்லி ஏறுகின்றனர்.

அங்கிருந்து இராயபுரம் சென்றோம். 1910ஆம் ஆண்டு முதல் அங்கே பார்சிகளின் அக்கினிக் கோயில் உள்ளது. தமிழ்நாட்டில் அவர்களுக்குள்ள கோயில் அது ஒன்றே. பார்சிகள் அல்லாதோர் அதனுள் செல்ல இயலாது. முன்பே அறிந்திருந்தும், வாயிலருகே நின்றபோது இளைஞர் ஒருவருக்கு முகம் சுருங்கியது. “எல்லாரையும் வரவேற்காத கோயில் என்ன கோயில்?” என்றார். நாங்கள் சிறிது நேரம் பேசாமல் நின்றோம். ஈரானிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் அகதிகளாய்க் கடல் கடந்து வந்து, நெருப்பையும் வழிபாட்டையும் அணையாமல் காத்த சிறுபான்மை மக்கள் அவர்கள். தங்களுக்கு மிகத் தூயது எதுவோ, அதனை அந்நியர் பார்வைக்கு வைக்காமலிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு. நமது நற்கருணைப் பந்தியிலும் எல்லாரும் அப்பம் பெறுவதில்லை அல்லவா? அதனை எண்ணிப் பார்த்தபின், மூடிய வாயிலை நோக்கிக் கைகூப்பிவிட்டுத் திரும்பினோம். திறந்த வாயிலில் நுழைவது எளிது. மூடிய வாயிலின் முன் மனம் கசக்காமல் நிற்பதற்குப் பயிற்சி வேண்டியிருந்தது.

மாலையில் திருவல்லிக்கேணி. ஆர்க்காட்டு நவாப் வாலாஜா பெயரால் விளங்கும் பெரிய மசூதி 1795இல் எழுந்தது. இரும்பும் மரமுமின்றிக் கருங்கல்லால் கட்டப்பட்டது. அது எழுந்த ஆண்டைக் குறித்துக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ள பாரசீகச் செய்யுளை இயற்றியவர், நவாபிடம் பணிபுரிந்த மக்கன்லால் என்னும் இந்து அறிஞர். மசூதியின் நெற்றியில் இந்து ஒருவரின் எழுத்து இரண்டு நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கிறது.

அந்த உறவு கல்லோடு முடிந்துவிடவில்லை. மயிலாப்பூரில் சூஃபிதார் என்ற வழிபாட்டிடம் உண்டு. நாட்டுப் பிரிவினையின்போது சிந்துப் பகுதியிலிருந்து அகதியாக வந்த தாதா ரத்தன்சந்த் நிறுவியது அது. அதன் தொண்டர்களான சிந்தி இந்துக்கள், ரமலான் மாதத்தில் நாள்தோறும் மரக்கறி உணவு சமைத்துக்கொண்டு இம்மசூதிக்கு வருகின்றனர். தலையில் குல்லாய் அணிந்து, நோன்பு திறப்போருக்குத் தம் கையால் பரிமாறுகின்றனர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தொண்டு நடந்து வருகிறது. பிரிவினையின் வெறியால் வீடிழந்த மக்களின் வழிவந்தோர், எந்தச் சமயத்தவரைப் பகைவராய் எண்ணியிருக்கக்கூடுமோ அவர்களுக்கே சோறிடுகின்றனர். பகைவரை நேசிக்கச் சொல்லும் மலைப்பொழிவை நாம் ஆண்டுதோறும் கேட்கிறோம். அது நடைமுறையில் எப்படியிருக்கும் என்பதை அன்று மாலை கண்ணால் கண்டோம்.

ஓரமாய் நின்ற எங்களை முதியவர் ஒருவர் அழைத்தார். “வாங்க, உக்காருங்க. நோன்பு தொறக்குற நேரத்துல வந்தவங்க வெறும் வயித்தோட போகக் கூடாது” என்றார். எங்களுக்கும் இது நோன்புக் காலமே என்று சொன்னபோது, அவர் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சி இன்னும் எங்கள் கண்முன் நிற்கிறது. பேரீச்சம்பழம் கொடுத்தார். பாங்கு ஒலித்தது. அவரோடு சேர்ந்து நாங்களும் உண்டோம்.

மறுநாள் தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. சாந்தோம் பேராலயத்தில் திருப்பலி கண்டோம். திருத்தூதர் தோமாவின் கல்லறை மீது எழுந்த இப்பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896இல் அபிடேகம் பெற்றது. அன்றைய நற்செய்தி, திருவிழாவுக்கு எருசலேம் வந்த கிரேக்கர் சிலர் இயேசுவைக் காண விரும்பிப் பிலிப்பை அணுகிய பகுதி. வேற்றினத்தார் தம்மைத் தேடி வந்த அந்த வேளையில்தான் ஆண்டவர் மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றிப் பேசுகிறார். அச்சொற்களை மனத்தில் ஏந்தியவாறு கபாலீசுவரர் கோயிலுக்கு நடந்தே சென்றோம்.

இப்பயணத்தில் மிகக் கடினமான தொலைவு அதுதான். கபாலீசுவரர் கோயில் முன்னாளில் கடற்கரையோரம் இருந்ததென்றும், போர்த்துக்கீசியர் காலத்தில் அது அழிந்தபின் இப்போதுள்ள இடத்தில் மீண்டும் எழுந்ததென்றும் வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். பழைய கோயிலின் கல்வெட்டுத் துண்டுகள் சாந்தோம் பகுதியில் கிடைத்துள்ளன. நாம் மண்டியிட்டு மன்றாடிய இடத்திற்கருகே, வேறொரு மக்கள் மண்டியிட்ட இடமும் இருந்திருக்கிறது. அது தானாக மறைந்துவிடவில்லை. இதைச் சொல்வதால் நம் விசுவாசம் குன்றிவிடுமா? குன்றாது. 2000ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று, புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் திருச்சபையின் பிள்ளைகள் செய்த பாவங்களுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். பிற மக்களின் பண்பாடுகளையும் சமயங்களையும் மதிக்கத் தவறியதும் அம்மன்றாட்டில் இடம்பெற்றது. திருத்தந்தை உலகறியச் சொன்னதை நாம் மயிலையின் தெருவில் முணுமுணுக்கவும் தயங்குவானேன்?

கோயிலில் பங்குனி விழாக் கூட்டம் நிரம்பி வழிந்தது. செருப்புகளை விட்டுவிட்டு, கொடிமரம் வரை சென்று நின்றோம். எங்கிருந்து வருகிறோம் என்று மயிலாப்பூர்ப் பெண்மணி ஒருவர் கேட்டார். மீன்சுருட்டி என்றதும், “கங்கைகொண்ட சோழபுரம் பக்கமா? ஐப்பசி அன்னாபிஷேகத்துக்கு வருஷா வருஷம் வருவோமே! நீங்க தினமும் அந்தக் கோபுரத்தைப் பாக்கறவங்க, குடுத்துவச்சவங்க” என்றார். எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று அறிந்தபின்னும் அவர் குரலில் மாற்றமில்லை. கையிலிருந்த பிரசாதத்தை நீட்டினார்.

இங்கேதான் எங்களிடையே கருத்து வேறுபட்டது. ஒருவர் அன்பின் அடையாளமாய் அதனைப் பெற்றுக்கொண்டார். மற்றொருவர், “மன்னிச்சுக்குங்கம்மா, எங்க வழக்கத்துல வாங்குறதில்ல” என்று கைகூப்பினார். அந்த அம்மையார் இருவரையும் நோக்கி ஒரே புன்னகை புரிந்தார். படையலுணவு பற்றிக் கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்களிடையே எழுந்த கேள்விக்குப் புனித பவுல் விடை எழுதியபோது, வலுக்குறைந்தவரின் மனச்சான்று புண்படலாகாது என்பதையே பெரிதாய் எண்ணினார். பெற்றுக்கொண்டவரை விசுவாசமற்றவர் என்றோ, மறுத்தவரைக் குறுகிய மனத்தினர் என்றோ நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஏற்பதில் மரியாதை உண்டு; பணிவோடு மறுப்பதிலும் மரியாதை உண்டு.

நண்பகலில் தியாகராய நகர், கோபதி நாராயணசாமிச் செட்டி சாலையிலுள்ள குருத்துவாராவில் தலையை மூடி அமர்ந்தோம். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் அனைவரும் தரையில் வரிசையாய் அமர்ந்து உண்கின்றனர். எங்கள் பக்கத்தில் ஒரு மருத்துவர். அவருக்கு அடுத்து ஓர் ஆட்டோ ஓட்டுநர். ரொட்டியை இரு கைகளையும் ஏந்தித்தான் பெற வேண்டும் என்று ஒரு சிறுவன் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். இரு கை ஏந்தி உணவு பெறுவது நமக்குத் தெரியாத பாடமா? ஆயினும் நம் ஊர்களில் ஒரே பீடத்தில் நற்கருணை பெற்றவர்கள் ஒரே கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் பெறத் தடை எழும் இடங்கள் இன்னும் உள்ளன. பிறர் வீட்டு விருந்தில்தான் சில வேளைகளில் நம் வீட்டுக் குறை நமக்குத் தெரிகிறது.

அன்பர்களே, இப்பயணத்தால் எங்கள் விசுவாசத்தில் எதுவும் கரைந்துவிடவில்லை. எல்லாச் சமயங்களும் ஒன்றே என்று சொல்லிக்கொண்டும் நாங்கள் திரும்பவில்லை. பார்சிகளின் மூடிய வாயிலும், மறுக்கப்பட்ட பிரசாதமும் வேறுபாடுகள் மெய்யானவை என்றே காட்டின. ஆனால் வேறுபாடு பகையாக வேண்டியதில்லை. எரியும் முட்செடியின் முன் மோசே செருப்பைக் கழற்றியபோது, அந்நிலம் அவருக்குச் சொந்தமாயிருக்கவில்லை. அது புனிதமாயிருந்தது, அவ்வளவே போதுமாயிருந்தது.

எங்கள் பக்கத்து வீராணம் ஏரியின் தண்ணீர், 2004ஆம் ஆண்டு முதல் குழாய் வழியே சென்னைக்குச் செல்கிறது. சாந்தோமிலும் மயிலையிலும் திருவல்லிக்கேணியிலும் எங்களுக்கு நீட்டப்பட்ட தண்ணீரில் எங்கள் மண்ணின் துளியும் கலந்திருக்கக்கூடும். குடிப்பவர் யாரென்று ஏரி கேட்பதில்லை. வெறுப்புச் செய்தி ஒன்று நம் கைப்பேசிக்கு வரும்போது, அதனை அடுத்தவருக்கு அனுப்புமுன், பேரீச்சம்பழம் நீட்டிய அந்த முதியவரின் கையை நினைப்போம். வருகிற ஐப்பசியில் அன்னாபிஷேகத்திற்கு வரும் மயிலாப்பூர் மக்களுக்கு, சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் அமைக்கலாம் என்று அந்த மூதாட்டி சொல்லியிருக்கிறார். முதல் குடத்தைத் தாமே சுமந்து வருவதாகவும் சொல்லியிருக்கிறார்.