ஊன்றுகோல் தந்த ஊர்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகள் அடைக்கப்படும்போது மார்கழி பிறந்து ஒரு வாரம் கடந்திருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையை அண்டி வாழும் குடும்பங்களில் பல, பிழைப்பின் பொருட்டு வெளியூர்களிலிருந்து வந்து குடியேறியவை. குலதெய்வம் இருக்கும் ஊர் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு ஒன்பது நாள் விடுமுறை என்றால், ஷிஃப்டு மாற்றிக்கொண்டு தந்தைக்குக் கிடைப்பது இரண்டு நாள். அந்த இரண்டு நாளில் காரில் எங்கே போவது?

ஒரே நாளில் ஒன்பது கோயில் என்று பட்டியல் போட்டுக்கொண்டு புறப்படுவோர் உண்டு. ஏழு வயதுப் பிள்ளைக்கு அத்தகைய பயணத்தில் எஞ்சுவது செருப்பைக் கழற்றி மாட்டிய நினைவு மட்டுமே. அதைவிட, ஓர் அடியார் நடந்த வழியைப் பிடித்துக்கொண்டு போவது நன்று. திருவள்ளூர் மாவட்டத்தில் அப்படி ஒரு வழி இருக்கிறது. பார்வை இழந்த நிலையில் சுந்தரமூர்த்தி நாயனார் கடந்து சென்ற வழி அது.

விடியற்காலையில் ஜி.என்.டி. சாலையில் பனிமூட்டம் கலைவதற்குள் கிளம்பாமல் இருப்பது நல்லது. சரக்கு லாரிகளின் பின்விளக்குகூடக் கண்ணுக்குப் புலப்படாத நாட்கள் மார்கழியில் உண்டு. வெயில் எட்டிப் பார்த்தபின் புறப்பட்டாலும் சிறுவாபுரி தரிசனத்துக்கு நேரம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமையைத் தவிர்த்துவிட்டால் நெரிசலும் குறைவு. சொந்த வீடு வேண்டி முருகனை நாடி வருவோர் இங்கு மிகுதி. வாடகை வீட்டில் வாழும் பெற்றோருக்கு அந்த வேண்டுதல் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு வேறொன்று இருக்கிறது. இராமபிரானின் மைந்தர்களான லவனும் குசனும், தந்தை என்று அறியாமல் அவரையே எதிர்த்து வில்லேந்திய இடம் இது என்கிறது தலவரலாறு. சிறுவர் அம்பு எடுத்த ஊர் சிறுவரம்பேடு ஆகிப் பின்னர்ச் சின்னம்பேடு ஆயிற்றாம். சிறுவர்களின் பெயரால் ஓர் ஊர் என்று கேட்டதும் பின்னிருக்கையில் தூக்கம் கலைந்துவிடும். மரகத மயிலின் முன் அவர்களைச் சற்று நேரம் நிற்கவிடலாம்.

ஆரணியாற்றங்கரையில் பெரியபாளையத்து பவானியம்மனை வணங்கி, வேப்பிலை மணத்தோடு ஊத்துக்கோட்டை வழியாகப் பூண்டிக்குத் திரும்பும் இந்த நீண்ட சாலைதான் கதை சொல்ல ஏற்ற இடம். கதை திருவொற்றியூரில் தொடங்குகிறது. அங்கே சங்கிலியாரை மணக்க விரும்பிய சுந்தரர், அவரை விட்டுப் பிரிவதில்லை என்று சிவபெருமான் சந்நிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சுந்தரரோ பெருமானின் தோழர். ஆகவே, சத்தியம் செய்யும் வேளையில் கருவறையை விட்டு நீங்கி மகிழ மரத்தடியில் எழுந்தருள வேண்டும் என்று நண்பரிடமே ரகசியமாக ஏற்பாடு செய்துகொண்டார். பெருமான் இசைந்தார், இசைந்துவிட்டு, சங்கிலியாரின் கனவில் தோன்றி, மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கிக்கொள்ளும்படி சொல்லிவிட்டார்! இந்த இடத்தில் சிரிக்காத குழந்தை இல்லை. பின்னர்த் திருவாரூர் வசந்த விழாவின் நினைவு வாட்ட, சுந்தரர் சொன்ன சொல்லை மீறி ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்த கணத்தில் இரு கண்களும் ஒளி இழந்தன.

சிரிப்பு அடங்கியதும் வரும் கேள்வி ஏறக்குறைய எல்லா வண்டிகளிலும் ஒன்றாகவே இருக்கும்: "அப்போ, பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்னு சொல்றது நெஜம்தானாப்பா?"

சோறு ஊட்டும்போதும் வீட்டுப்பாடம் எழுதவைக்கும்போதும் எத்தனையோ பெற்றோர் எளிதாகச் சொல்லிவிடும் வாசகம் இது. ஆம் என்றால் பிள்ளை இனிச் சந்நிதியில் அஞ்சி நிற்கும். இல்லை என்றால் சற்றுமுன் சொன்ன கதை பொய்யாகும். அவசரப்பட்டு விடை சொல்லாமல் வண்டியைப் பூண்டிக்குச் செலுத்துவதே விவேகம். கதையின் மறுபாதி அங்கே இருக்கிறது.

திருவொற்றியூரிலிருந்து பூண்டி வரையிலான தொலைவை நேர்க்கோட்டில் அளந்தாலே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் வரும். வடதிருமுல்லைவாயிலைத் தொழுது, பிறர் கைகாட்ட, மேற்கு நோக்கி இவ்வளவு தூரமும் பார்வையின்றி நடந்து வந்த அடியார், அந்நாளில் திருவெண்பாக்கம் எனப்பட்ட இத்தலத்தில் நின்று, 'இங்கே இருக்கிறீரா' என்று கேட்டார். உள்ளேயிருந்து விடை வந்தது. ஊன்றி நடக்க ஒரு கோலும் கிடைத்தது. கண் கிடைக்கவில்லை. கண்ணைக் கேட்டவனுக்குக் கோலா என்று சினந்து சுந்தரர் அதை வீசி எறிய, அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்பர். ஊன்றீஸ்வரர் கோயிலில் கொம்பு ஒடிந்த அந்த நந்தியைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். அருகே அம்பிகை மின்னொளியம்மை. பார்வையற்ற அடியாருக்கு மின்னலாய் ஒளிகாட்டி வழிநடத்தியதால் அன்னைக்கு இப்பெயர் என்று சொல்கிறார்கள்.

எறிந்தவர் மீது பெருமான் மீண்டும் சினந்ததாகப் புராணம் எங்கும் கூறவில்லை. குழந்தை தானாகவே இதைக் கவனித்துவிடும்: "மாட்டோட கொம்பையே ஒடைச்சிருக்காரு, அதுக்குச் சாமி ஒண்ணுமே சொல்லலையா?" தோழரின் கோபத்தைத் தோழர் பொறுத்துக்கொண்டார் என்று அப்போது சொல்லலாம். கண்ணைக் குத்தும் சாமியைப் பற்றிய அச்சம், ஒடிந்த அந்தக் கொம்பைத் தடவிப் பார்க்கத் துடிக்கும் ஆசையாக மாறுவதைக் காணும் பெற்றோருக்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அர்ச்சகர் இசைந்தாலன்றி நந்தியைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அது வேறு பாடு.

சுந்தரர் தொழுத பழைய கோயில் இருந்த இடம் இன்று நீருக்கு அடியில் இருக்கிறது. சென்னையின் குடிநீருக்காகக் கொசத்தலையாற்றின் குறுக்கே கட்டப்பட்டு 1944இல் நிறைவெய்திய பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் அந்த நிலம் அடங்கியது. சென்னை மாநகரின் மேயராக இருந்து இத்திட்டத்துக்கு வித்திட்ட தீரர் சத்தியமூர்த்தி 1943இலேயே மறைந்துவிட, ஏரி அவர் பெயரைத் தாங்கியது. தெய்வத் திருமேனிகள் பூண்டிக்குக் கொண்டுவரப்பட்டு, இன்றுள்ள கோயில் எழுந்தது. 1996 முதல் கிருஷ்ணா நீரும் கால்வாய் வழியாக இங்கு வந்து சேர்கிறது. ஊர் மக்கள் குடிநீர் பெறுவதற்காகப் பெருமானே வீடு மாறினார் என்பது குழந்தைக்கு எளிதில் விளங்கும். வாடகை வீடு மாறிப் பழகிய குழந்தைக்கு இன்னும் எளிதில். இந்த ஆறு கிழக்கே ஓடி, ஒற்றியூருக்கு வடக்கே எண்ணூரில் கடல் சேர்கிறது. ஆக, சுந்தரர் நடந்தது ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையில். கரையில் நின்று இதைக் கைநீட்டிக் காட்டலாம். ஆனால் மார்கழியில் ஏரி நிரம்பியிருக்கும். பிள்ளைகளின் கையை விடலாகாது. ஊரிலேயே தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் ஒன்று உண்டு. அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன. கல்லைக் கண்டாலே சட்டைப்பையில் போட்டுக்கொள்ளும் வயதினருக்கு அங்கே அரைமணி நேரம் போதாது.

இரவு திருவள்ளூரில் தங்கினால் மறுநாள் விடியலில் வீரராகவப் பெருமாள் சந்நிதியில் திருப்பாவை கேட்கலாம். தொன்னையில் சூடான பொங்கலும் கிடைக்கும். ஆண்டு முழுதும் தவமிருந்து, உண்ண வைத்திருந்த மாவையெல்லாம் பசியோடு வந்த முதியவருக்கே கொடுத்துவிட்டார் சாலிஹோத்திர முனிவர். உண்டு முடித்தவர், படுக்க இடம் எவ்வுள் என்று கேட்டுப் படுத்துக்கொண்டாராம். அதனால் இது திருஎவ்வுள். பள்ளிகொண்ட பெருமாளின் வலக்கரம் முனிவரின் தலைமீது படிந்திருப்பதைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்ட வேண்டும். இல்லையேல் பட்டாடையின் மினுமினுப்பில் அது கண்ணுக்குத் தப்பிவிடும். ஹிருத்தாபநாசினித் தீர்த்தத்தில் வெல்லம் கரைப்பது பிள்ளைகளுக்குப் பிடித்த வழிபாடு.

அங்கிருந்து திருவாலங்காடு அதிக தூரமில்லை. பூண்டியை விட்ட சுந்தரரும் அடுத்து வந்தது இங்கேதான். ஐந்து சபைகளில் இரத்தின சபை இது. காளியோடு ஆடி, காலை உச்சிக்கு உயர்த்தி வென்ற ஊர்த்துவ தாண்டவத் தலம். ஆருத்ரா தரிசனம் விடுமுறைக்குள் அமைந்தால் பெரும்பேறுதான். எனினும் சிறு குழந்தைகளோடு வருவோர் அன்றைய கூட்டத்துக்கு அஞ்சி வேறு நாளைத் தேர்வதில் குற்றமில்லை. கூத்தனின் திருவடியருகே எலும்பும் தோலுமாய் அமர்ந்து பாடுகிறார் காரைக்கால் அம்மையார். 'பேய்' என்று பிள்ளை பின்வாங்கினால், பெருமானே அம்மா என்று அழைத்தது இவரைத்தான் என்று காதோடு சொன்னால் போதும். பக்கத்துப் பழையனூரில், கொடுத்த சொல்லைக் காக்கத் தீப்பாய்ந்த எழுபது வேளாளரின் கதையும் உண்டு. சொல் மீறியவரும் சொல் காத்தவர்களும் ஒரே வழியில் நினைக்கப்படுவது வியப்புதான். ஆனால் நீலியும் நெருப்பும் வரும் அக்கதையைப் பத்து வயதுவரை தள்ளிவைப்பது நலம்.

அம்மையார் தலையால் நடந்த மண் என்று அஞ்சி, ஞானசம்பந்தர் இத்தலத்தில் அடிவைக்கத் தயங்கி அருகிலுள்ள ஊரிலேயே தங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அதே மண்ணில் பிள்ளைகள் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு ஓடுவார்கள். நடை சாத்தும்வரை ஓடட்டும். மாலையில் கும்மிடிப்பூண்டி வரை காரில் அசையாமல் உட்கார வேண்டியவர்கள். சுந்தரர் இங்கிருந்து காஞ்சிக்குச் சென்றார். ஏகம்பத்தில் இடக்கண் கிடைத்தது, வலக்கண் திருவாரூரில். காஞ்சிக்கு எப்போது போவோம் என்ற கேள்வி வண்டி திருவள்ளூரைத் தாண்டுவதற்குள் வந்துவிடும். பொங்கலுக்கு ஆலையில் எத்தனை நாள் விடுப்பு தருவார்கள் என்று தந்தை மனத்துக்குள் எண்ணத் தொடங்குவார்.